மறு: மாண் தீவின் லெப்டினன்ட் கவர்னர் – தமிழில் என்ன?

> "துணை ஆளுநர்" என்றே வைத்துவிடலாமே, எளிமையாக இருக்கிறது.

எளிமைதான் ஐயா, ஆனால் துணை ஆளுநர் என்றதும் படிக்கிறவர் அடுத்து கேட்பது, அப்போ ஆளுநர் யார்? ரிசர்வ் வங்கியில் அதற்கு விடை உண்டு. பிரிட்டனுக்கும் அயர்லாந்துக்கும் நடுவே, பிரிட்டிஷ் மன்னரின் கீழ் இருக்கும் மாண் தீவில் 1830-க்குப் பிறகு கிடையாது.

தீவு 1405 முதல் ஸ்டான்லி குடும்பத்திடமும், 1736 முதல் அதோல் பிரபுக்களிடமும் இருந்தது. அங்கிருந்து நடந்த கள்ளக்கடத்தல் தாங்காமல் 1765-ல் லண்டன் 70,000 பவுன் கொடுத்து ஆளும் உரிமையை வாங்கிக்கொண்டது. அப்போது மன்னரின் ஆளுநரான ஜான் வுட் வெறும் ஆளுநர், துணையும் இல்லை கிணையும் இல்லை. வேடிக்கை 1793-ல்தான்: விற்றவர் வீட்டு வாரிசு, நான்காம் அதோல் பிரபு, மன்னரின் ஆளுநராக வந்து உட்கார்ந்தார். அவருக்குக் கீழே 1805 முதல் லெப்டினன்ட் கவர்னராக கொர்னீலியஸ் ஸ்மெல்ட். 1830-ல் பிரபு இறந்ததும் அந்த நாற்காலிக்கு யாரையும் போடவில்லை. மேல் பதவி போய்விட்டது, கீழ்ப் பதவியின் பெயர் மட்டும் இன்றுவரை தங்கிவிட்டது. (தீவின் காசில்டவுன் நகரச் சதுக்கத்தில் ஸ்மெல்ட் நினைவாக ஒரு தூண் இருக்கிறது. உச்சியில் சிலை வைக்கவே இல்லை, இன்னும் மொட்டையாகத்தான் நிற்கிறது!)

அப்புறம் இந்த லெப்டினன்ட் கவர்னர்கள் செய்ததும் துணை வேலை இல்லை. தங்களுக்குள்ளேயே ஆள் சேர்த்துக்கொண்டிருந்த கீஸ் அவையை (தீவு நாடாளுமன்றத்தின் கீழவை) 1866-ல் தேர்தலுக்கு ஒப்புக்கொள்ள வைத்தது அப்போது இந்தப் பதவியில் இருந்த ஹென்றி லாக்; தீவின் வரிப்பணத்தில் மிஞ்சுவதைத் தீவே செலவழிக்கலாம் என்று லண்டனிடம் வாங்கிய சலுகைக்கு அது விலை. 1990 வரை தீவின் நாடாளுமன்றமான டின்வால்ட் மன்றத்துக்குத் தலைமை தாங்கியதும் இந்தப் பதவிக்காரர்தான்.

'பதில் ஆளுநர்' என்று இன்னொருவர் எழுதியிருந்தார். 'லெப்டினன்ட்' என்ற மூலச்சொல்லுக்கு இன்னொருவரின் இடத்தைப் பிடித்திருப்பவர் என்றுதான் பொருள், அந்த வகையில் நல்ல சொல். ஆனால் இலங்கையில் பதில் அமைச்சர் என்றால் நாலு நாள் பொறுப்பில் இருப்பவர், அங்குள்ள வாசகர் குழம்பிவிடுவார். தேசாதிபதி காதுக்கு நன்றாக இருக்கிறது, அது முழு கவர்னருக்குப் போய்விட்டது.

என் ஓட்டு 'துணைநிலை ஆளுநர்'. புதுச்சேரியில் தினசரி புழங்கும் சொல், அங்கேயும் அவருக்கு மேலே ஓர் ஆளுநர் கிடையாது, நேரே குடியரசுத் தலைவர்தான். அந்த 'நிலை' இருப்பதால் அது ஒரு படிநிலையைச் சொல்கிறது, யாருக்கோ உதவியாள் என்று சொல்லவில்லை. ஸ்மெல்ட்டுக்கு மட்டும் 1830 வரை 'துணை ஆளுநர்' போடலாம், அவர் நிஜமாகவே துணை. ஆங்கிலத்தில் ஒரே பெயர், தமிழில் இரண்டா என்று கேட்பீர்கள். வேலை மாறியிருக்கிறதே, சொல் மாறினால் என்ன?

வேறு யோசனை இருந்தால் ஞாயிறுக்குள் சொல்லுங்கள், அதற்குப் பிறகு சொல்லடைவில் ஏற்றிவிடுகிறேன். 'மாண் பிரபு' பட்டத்தைத் தனி இழையில் பார்ப்போம், எலிசபெத் அரசியையும் அங்கே பிரபு என்றுதான் சொன்னார்கள், அது வேறு தலைவலி.