விமானந்தாங்கிக் கப்பலின் மேல்தளத்தில் கண்ட வேடிக்கைகள்: அனுபவப் பகிர்வு

பழுப்புச் சட்டை:
இறக்கையை மடிக்கச் சொல்லும் சைகை உங்கள் எல்லோருக்கும் தெரியும். இரு கைகளையும் பக்கவாட்டில் நீட்டி, பிறகு முன்னே கொண்டுவந்து தோள்களைக் கட்டிக்கொள்ள வேண்டும். பல் கிட்டிப்போகும் குளிரில் ஒரு விடியற்காலை, விமானங்களை உந்தி ஏவும் கேட்டபல்ட்டுக்கான வரிசையில், நான் பராமரிக்கும் விமானத்தின் முன்னால் நின்று சைகையால் வழிகாட்டும் மஞ்சள் சட்டைக்காரர், கைகளை அகல விரித்துச் சோம்பல் முறித்துவிட்டு, குளிர் தாங்காமல் தன்னைத்தானே இறுகக் கட்டிக்கொண்டார். உள்ளே இருந்த இளம் விமானியோ சொல் தட்டாத பிள்ளை. சற்று முன்புதான் விரித்துப் பூட்டிய இறக்கைகளை மறுபடியும் மடக்கத் தொடங்கிவிட்டார். இறக்கை நுனி மெல்ல மேலெழுவதைக் கண்டு பதறிய மஞ்சள் சட்டைக்காரர், விரிக்கும் சைகையைக் காட்டுவதை விட்டுவிட்டு இரு கைகளையும் தலையில் வைத்துக்கொண்டார். அப்படியொரு சைகை இருப்பதாக விமானி கேள்விப்பட்டதில்லை. இருந்தாலும், புரிந்துகொண்டதாகக் காட்ட வேண்டும் என்று நினைத்தாரோ என்னவோ, அவரும் தம் ஹெல்மெட்டின் மீது இரு கைகளையும் வைத்துக்கொண்டார். இருவரும் அந்தக் கோலத்தில் ஒருவரையொருவர் பார்த்தபடி நிற்க, பின்னால் வரிசையாக நின்ற விமானங்கள் எரிபொருளை வீணே எரித்துக்கொண்டிருந்தன.

பச்சைச் சட்டை:
இறங்கும் விமானத்தின் வால்கொக்கியில் மாட்டி அதை நிறுத்தும் தடுப்புக் கம்பிகளைக் கவனிக்கும் பிரிவில் இருந்தவன் நான். இரண்டு விமானந்தாங்கிகள் சேர்ந்து நடத்திய பயிற்சியில், மற்றக் கப்பலின் விமானி ஒருவர் எங்கள் தளத்தில் வந்து இறங்கினார். வானொலியில் அவர் பேசிக்கொண்டிருந்தது தம் கப்பலுடன். வால்கொக்கி பிடித்தது எங்கள் கம்பியை. அதே ரக விமானம் ஒன்றுக்காக நாங்களும் காத்திருந்ததால் கம்பியின் விசை அதன் எடைக்கே பொருத்தப்பட்டிருந்தது. இல்லையென்றால் இதை நான் சிரித்துக்கொண்டு எழுதிக்கொண்டிருக்க மாட்டேன். மேல்மூடியைத் திறந்தவர், வழக்கம்போலத் தம் ஆளைப் பார்த்துக் கையசைத்தார். கீழே நின்ற முகம் அவருக்குப் பழக்கமில்லாத முகம். அசைத்த கை பாதியில் நின்றது. பிறகு கட்டுப்பாட்டுக் கோபுரத்தில் எழுதியிருந்த கப்பல் எண்ணை மெல்ல அண்ணாந்து பார்த்தார். மறுநாள் காலை அவர் புறப்பட்டபோது, விமானத்தின் இருபக்கமும் எங்கள் ஆட்கள் சாயத்தால் அம்புக்குறி வரைந்து, ‘உங்கள் வீடு அந்தப் பக்கம்’ என்று எழுதியிருந்தார்கள்.

மஞ்சள் சட்டை:
முதலில் எழுதியவர் குற்றம் முழுவதையும் எங்கள் பிரிவின் தலையில் போடுகிறார். இடுப்புக்கு மேலே காட்டும் சைகை விமானிக்கு, கீழே காட்டுவது தளத்துப் பணியாளர்களுக்கு என்பது பாலபாடம். ஆனால், புறப்படப்போகும் வேளையில் இறக்கையை மடிக்கச் சொன்னால் ஒரு கணமாவது தயங்க வேண்டும் என்பதும் பாலபாடம்தான். என் கதை சிறியது: இரவில் ஒருவரின் கைக்கோல் விளக்குகளில் ஒன்று அணைந்துபோக, மீதி ஒன்றை நம்பித் திரும்பிய விமானம் அவருக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றது. அது போகட்டும். குளிரில் நிற்பவர்கள் கவனிக்க: கைகளை அக்குளில் செருகாதீர்கள், மார்பில் கட்டாதீர்கள், வாயருகே கொண்டுபோய் ஊதாதீர்கள். இடுப்புக்குக் கீழே தொங்கவிட்டு, விரல்களை மட்டும் மடக்கி விரியுங்கள். தடித்த ஒற்றைக் கையுறையைவிட, மெல்லிய ஒன்றின் மேல் இன்னொன்று அணிவதே நல்லது. விரல்கள் தனித்தனியாகத் தெரியாவிட்டால் சைகை மங்கிவிடும். கால்களை உதைத்துக்கொள்ளலாம், கால்களுக்கு யாரும் பொருள் வைக்கவில்லை. விமானியின் பார்வையிலிருந்து விலக வேண்டுமானால், அவரை அடுத்த மஞ்சள் சட்டையிடம் ஒப்படைத்துவிட்டே விலகுங்கள்.

கடற்கழுகு:
இத்தனை அறிவுரையை யார் கேட்டார்கள்? பச்சைச் சட்டை சொன்னதில் வியப்பொன்றும் இல்லை. 1942 மே 7 அன்று, பவளக்கடல் போரின்போது, இருட்டும் வேளையில் ஜப்பானிய விமானங்கள் சில அமெரிக்காவின் யார்க்டவுன் விமானந்தாங்கியைத் தங்கள் கப்பல் என்று எண்ணி, விளக்கைப் போட்டுக்கொண்டு இறங்கும் வட்டத்தில் வந்து சேர்ந்தன. எதிரியின் வாசலிலேயே வரிசையில் நின்றார்கள்! 1983 ஜூனில் நடந்தது அதைவிட விசித்திரம். பிரிட்டனின் இலஸ்ட்ரியஸ் கப்பலிலிருந்து பறந்த சீ ஹாரியர் போர் விமானம் ஒன்று, வானொலியும் வழிகாட்டும் கருவியும் செயலிழந்து, தாய்க்கப்பலைக் கண்டுபிடிக்க முடியாமல், எரிபொருள் தீரும் நிலையில் அல்ராய்கோ என்ற ஸ்பானிய சரக்குக் கப்பலின் கன்டெய்னர்கள் மீது செங்குத்தாக இறங்கியது. இறங்கியது பின்னோக்கிச் சறுக்கி, அங்கே ஏற்றியிருந்த ஒரு வேனின் மேல் சாய்ந்தது. அந்த வேன் ஒரு பூக்கடைக்குப் போய்க்கொண்டிருந்ததாம். சரக்குக் கப்பல் தன் பயணத்தை நிறுத்தவில்லை. போர் விமானத்தையும் சுமந்துகொண்டே ஸ்பெயினின் டெனெரீஃப் தீவுக்குப் போய்ச் சேர்ந்தது.

பின்னிருக்கை:
கேட்டபல்ட் இரண்டே நொடிகளில் மணிக்கு 250 கிலோமீட்டருக்கு மேல் வேகம் ஏற்றிவிடும் என்பதால், காக்பிட்டில் கட்டிவைக்காத எதுவும் பின்னால்தான் வரும். நிலவில்லாத இரவில், முன்னிருக்கைக்காரர் மூடியைத் திருகாமல் வைத்த தண்ணீர்ப் புட்டி என்னிடம் வந்தது. புட்டிக்கு முன்பாகத் தண்ணீர் வந்தது. என் முகக்கவசத்தின் மேல் மொத்தமாக. கடலுக்குள் விழுந்துவிட்டோம் என்றே நினைத்தேன். கை தானாக வெளியேற்றக் கைப்பிடிக்குப் போய்விட்டது. உயரமானியின் முள் ஏறிக்கொண்டிருப்பதைப் பார்த்த பிறகே விரல்கள் தளர்ந்தன. வேண்டிய உயரத்தை எட்டியதும் முன்னால் இருந்தவர் மிகவும் நிதானமாக, ‘என் தண்ணீர்ப் புட்டியைப் பார்த்தாயா?’ என்று கேட்டார். தரையிறங்கும் வரையில் நான் அவருக்குப் பதில் சொல்லவில்லை.