கோண்டாவில் வீட்டார்

சின்ன மாமி, 6:48
மூத்தவனைப் பாம்பு கடித்துவிட்டது. பின் வளவில், வாழைக்குத் தண்ணி மாறப் போன இடத்தில். கணுக்காலுக்கு மேலே இரண்டு பல் அடையாளம்

பெரியம்மா, 6:48
ஐயோ முருகா

மிஸி அக்கா (நேர்ஸ், வவுனியா), 6:49
மாமி, அடிக்கிறேன், எடுக்கிறீர்கள் இல்லை

சின்ன மாமி, 6:49
கதைக்க வருகுதில்லை பிள்ளை. எழுது, பார்க்கிறேன். மாமா 1990 அம்புலன்ஸுக்கு அடித்துவிட்டார், வருகிறார்களாம்

மிஸி அக்கா, 6:50
நல்லது. ஓரடியும் நடக்க விடாதேங்கோ. இருந்த இடத்திலேயே படுக்க வையுங்கோ. கடித்த நேரத்தைக் குறித்து வையுங்கோ

சின்ன மாமி, 6:50
மாமா சாரத்தைக் கிழிக்கிறார். மேலே இறுக்கிக் கட்டட்டுமா என்று கேட்கிறார்

மிஸி அக்கா, 6:51
வேண்டாம் மாமி, வேண்டவே வேண்டாம். இறுக்கிக் கட்டினால் இரத்தம் ஓடாமல் காலே பழுதாகலாம். பிளேட்டால் கீறவும் வேண்டாம், வாயால் உறிஞ்சவும் வேண்டாம். முறிந்த காலுக்குக் கட்டுவது போல ஒரு தடியை வைத்துக் கட்டுங்கோ. மாமாவின் நீளக் குடை இருக்கிறதே, அது போதும். கிழித்த சாரத்தால் தளர்வாக, ஒரு விரல் உள்ளே போகிற மாதிரி. கால் ஆடினால் விஷம் கெதியாகப் பரவும், அதற்குத்தான். காலில் கறுப்புக் கயிறு கட்டியிருக்கிறான் அல்லவா, அதை வெட்டிவிடுங்கோ

பெரியம்மா, 6:52
அது நான் சந்நிதியில் கட்டிவிட்டது

மிஸி அக்கா, 6:52
வீங்கினால் அதுவே இறுக்கும் பெரியம்மா. சுகமானதும் நீங்களே இன்னொன்று கட்டுங்கோ

பெரியப்பா, 6:53
போகிற வழிதானே, நாட்டு மருந்துப் பரியாரியிடம் காட்டிவிட்டுப் போனால் என்ன

லண்டன் மச்சாள், 6:53
குஞ்சியப்புவையும் போகிற வழி என்றுதான் கொண்டுபோனோம்

பெரியப்பா, 6:54
அது 95இல் சண்டையால் ஊரே இடம்பெயர்ந்த நேரம். வேறு என்ன வழி இருந்தது

மிஸி அக்கா, 6:54
அப்போது இல்லை பெரியப்பா. இப்போது இருக்கிறது. நேரே பெரியாஸ்பத்திரி

கோண்டாவில் மாமா, 6:55
பாம்பு வேலிக்குள் போய்விட்டது. பெடியள் மண்வெட்டியோடு நிற்கிறாங்கள்

மிஸி அக்கா, 6:55
தேடவே வேண்டாம்! இன்னொருவருக்கும் கடிக்கும். டொக்ரர்மார் அறிகுறியையும் இரத்தத்தையும் வைத்தே கண்டுபிடிப்பார்கள். அந்தப் பெடியளில் ஒருவரை ரோச்சோடு றோட்டில் நிற்கச் சொல்லுங்கோ, அம்புலன்ஸ்காரருக்கு எங்கள் ஒழுங்கை தெரியாது

கோண்டாவில் மாமா, 7:06
ஏற்றியாச்சு

மருமகன், 7:20
அந்த வேலிக்கு அங்காலே பற்றை ஆளுயரத்துக்கு நிற்கிறது. பாம்பு வராமல் என்ன செய்யும்

கனடா சித்தப்பா, 7:22
இந்த நேரத்தில் காணிக் கதை வேண்டாம். துப்புரவாக்கப் போன வருடமும் காசு அனுப்பினேன்

மருமகன், 7:22
எவ்வளவு என்று எங்களுக்கும் தெரியும்

பெரியம்மா, 7:23
இரண்டு பேரும் நிறுத்துங்கோ

சின்ன மாமி, 7:41
இரத்தம் எடுத்துக் கண்ணாடிக் குழாயில் வைத்திருக்கிறார்கள். 20 நிமிடம் பார்க்க வேண்டுமாம். ஊசி ஏன் இன்னும் போடவில்லை?

மிஸி அக்கா, 7:43
பயப்படாதேங்கோ, அதுதான் முறை. புடையன், அதுதான் கண்ணாடி விரியன், அதன் விஷம் இரத்தத்தை உறைய விடாது. 20 நிமிடம் கழித்துக் குழாயைச் சரிப்பார்கள். கட்டியாக நின்றால் நல்லது, தண்ணி போல ஓடினால் விஷம் ஏறியிருக்கிறது, உடனே விஷமுறி மருந்து. அது குதிரையில் இருந்து எடுக்கிற மருந்து, சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் பல் அடையாளம் இருக்கிறது என்பதற்காக மட்டும் ஏற்ற மாட்டார்கள். கட்டுவிரியன் வேறு மாதிரி. அது பெரும்பாலும் இரவில் நிலத்தில் படுப்பவர்களைக் கடிக்கும், நோவே தெரியாது, விடியத்தான் வயிற்றுக்குத்து வரும், கண் இமை சோரும். பெரியம்மா, நீங்கள் இனிக் கட்டிலில் படுக்க வேண்டும்

பெரியம்மா, 7:45
நிலம்தான் எனக்குக் குளிர்ச்சி

சின்ன மாமி, 8:04
உறையவில்லை. மருந்து ஏற்றத் தொடங்கிவிட்டார்கள்

லண்டன் மச்சாள், 8:04
🙏🙏

பெரியம்மா, 8:10
பிள்ளை, சுடு எண்ணெய் பட்டாலும் பற்பசை பூசக்கூடாதாமே?

மிஸி அக்கா, 8:12
ஓம் பெரியம்மா. 20 நிமிடம் குழாய்த் தண்ணியில் பிடித்தால் போதும், ஐஸும் வேண்டாம். ஞாயிறு வருகிறேன், எல்லோரும் கூடுங்கோ. மூச்சு நின்றவருக்கு நெஞ்சை எப்படி அழுத்துவது என்றும் காட்ட வேண்டும். நிமிடத்துக்கு 100 தொடக்கம் 120 தரம், தலையணையில் பழகலாம்

மருமகன், 8:13
ஞாயிறு அந்தியேட்டிச் சடங்கு இருக்கிறது

பெரியப்பா, 8:15
பின்னேரம் என்றால் நான் வருவேன்

மிஸி அக்கா, 8:15
பஸ்ஸைப் பார்த்துச் சொல்கிறேன்

சின்ன மாமி, 9:30
கண் முழித்துக் கதைக்கிறான். தண்ணி மோட்டரை நிற்பாட்டினதா என்று கேட்கிறான்

கோண்டாவில் மாமா, 9:31
ஐயோ, அது ஓடிக்கொண்டே கிடக்குது

மருமகன், 9:31
நான் போகிறேன்

மிஸி அக்கா, 9:31
ரோச்சும் சப்பாத்தும்!