'இடுப்பு வலி' என்ற ஒரே வரி

கணக்குப் பிரிவு, சாட்ஸ்வொர்த்:

தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கத்தில், ஒரு குடும்ப மருத்துவரிடம் வேலை பார்க்கிறேன்; மெடிக்கல் எய்ட் என்னும் தனியார் மருத்துவச் செலவுத் திட்டங்களுக்குக் கோரிக்கைகளைப் பதினோரு ஆண்டுகளாக அனுப்பி வருகிறேன். இடுப்பு வலிக்கான எம்54.5 வரிசை நோய்க் குறியீடுகளை எத்தனை முறை தட்டியிருப்பேனோ தெரியாது. சென்ற குளிர்காலத்தில் தட்டிய ஒன்று மட்டும் மனத்தை விட்டு அகலவில்லை. தையல் ஆலையில் வேலை செய்யும் ஓர் அம்மா; துணிச்சுருளைத் தூக்கியபோது பிடித்துக்கொண்டதாம். காத்திருந்த நேரத்தில், இடக்கால் பெருவிரல் வரை மரத்துப்போகிறது என்றும், செருப்புக் கழன்று விழுந்தாலும் தெரிவதில்லை என்றும் என்னிடம் சொன்னார். மருத்துவரின் தாளில் 'இடுப்பு வலி' என்பதற்கு மேல் ஒரு சொல்லும் இல்லை. எம்54.56 என்று போட்டு அனுப்பினேன்.

மூன்று வாரம் கழித்து எம்ஆர்ஐ ஸ்கேனுக்கு அனுமதி கேட்டபோது, நரம்பு பாதிக்கப்பட்டதற்கான குறிப்பு எதுவும் பதிவில் இல்லை என்று மறுப்புக் கடிதம் வந்தது. அந்த அம்மா அதைக் கையில் பிடித்தபடி, "உன்கிட்டகூடச் சொன்னேனே, மகளே" என்றார். சொல்லியிருந்தார், நானும் கேட்டிருந்தேன். காதில் விழுந்ததைக் கொண்டு குறியீடு போடக் கூடாது, மருத்துவர் எழுதியதைக் கொண்டுதான் போட வேண்டும் என்ற விதி அந்த நேரத்தில் என் வாயை அடைத்துவிட்டது.

பிசியோ, பீனிக்ஸ்:

விதியை நீங்கள் மீறாதது சரிதான், அம்மா. ஆனால் துணிச்சுருளைத் தூக்கியது ஆலையில்தானே? அப்படியானால் அந்தக் கோரிக்கை மெடிக்கல் எய்டுக்கே போயிருக்கக் கூடாது. அது 1993ஆம் ஆண்டின் தொழில்சார் காயங்களுக்கான இழப்பீட்டுச் சட்டத்தின்கீழ் வருவது. தகவல் கிடைத்த ஏழு நாட்களுக்குள் முதலாளி அறிவிக்க வேண்டும். தசைநார்ச் சுளுக்கு என்று மருத்துவர் எழுதியிருந்தால் எஸ்33.5 வந்திருக்கும், கூடவே எக்ஸ்50.62 என்ற காரணக் குறியீடும் வந்திருக்கும். அதில் 6 என்பது தொழிற்கூடம், 2 என்பது ஊதியத்துக்காக உழைத்த வேளை. அந்த இரண்டு இலக்கங்களைப் பார்த்தாலே பணம் தர வேண்டியவர் யார் என்பது தெரிந்துவிடும்.

என்னிடம் ஒரு கிடங்குத் தொழிலாளி வந்தார். காரணக் குறியீடு இல்லாமல் எஸ்33.5 மட்டும் அனுப்பிய கோரிக்கை திரும்பி வந்ததால், எங்கே நடந்தது என்று அவரிடமே கேட்டேன். பதில் சொல்வதற்கு முன் அவர் கதவைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "வீட்டில்தான், ஐயா" என்றார். அந்தப் பார்வையை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

கோடர், உம்ஷ்லாங்கா:

நான் அமெரிக்க மருத்துவமனைகளின் பில்களுக்குக் குறியீடு போடுகிறேன். ஒருமுறை நண்பரின் மருத்துவமனைக்கு உதவப் போய், அமெரிக்கப் பழக்கத்திலேயே எம்54.59 என்று போட்டுவிட்டேன். அமெரிக்காவில் 2021 அக்டோபர் 1 முதல் எம்54.5 தனியே செல்லாது. அதை மூன்றாகப் பிரித்துவிட்டார்கள், அவற்றில் எம்54.59 'பிற வகை இடுப்பு வலி'. நம் தென்னாப்பிரிக்காவில் ஐந்தாம் இலக்கம் முதுகெலும்பின் இடத்தைச் சொல்வது. 9 என்றால் 'இடம் குறிப்பிடப்படவில்லை'. வலிக்கும் இடத்தைத் தன் கையாலேயே தொட்டுக் காட்டிய நோயாளிக்கு இடம் தெரியாது என்று நான் எழுதியிருக்கிறேன்.

ஆகவே எல்லோருக்கும் ஒன்று சொல்கிறேன். வலி எத்தனை நாளாக இருக்கிறது, எந்தப் பக்கம், முழங்காலுக்குக் கீழே இறங்குகிறதா, எந்த விரலில் மரப்பு, நிமிர்த்திய காலை எத்தனை பாகை உயர்த்தும்போது வலிக்கிறது, பெருவிரலை மேலே தூக்கும் வலு இருக்கிறதா, சிறுநீர் மலக் கட்டுப்பாடு எப்படி, எங்கே என்ன செய்தபோது தொடங்கியது என்று இத்தனையும் பதிவில் இருக்க வேண்டும். இடுப்பு வலியுடன் சயாட்டிகாவும் (காலுக்கு இறங்கும் நரம்பு வலி) இருப்பதாக மருத்துவர் எழுதினால் அது எம்54.4 ஆகிறது. முதுகெலும்பு வட்டு விலகி நரம்பை அழுத்துவது உறுதியானால் எம்51.1, துணையாக ஜி55.1. 'இருக்கலாம்' என்று எழுதியதை 'இருக்கிறது' என்று குறியிடக் கூடாது. நோயாளிகள் இவற்றை ஒரு தாளில் எழுதி எடுத்துச் சென்று, அந்தத் தாளைக் கோப்பிலேயே சேர்க்கச் சொல்ல வேண்டும். கோரிக்கையின் நகலையும் கேட்டு வாங்கிப் படிக்க வேண்டும்.

ஒரு மகள், டோங்காட்:

மேலே எழுதிய ஐயாவிடம் கேட்கிறேன்: நிற்க முடியாமல் சுவரைப் பிடித்துக்கொண்டு வருபவர் தாள் எழுதிக்கொண்டு வர வேண்டுமா? எழுதுவதற்குப் படித்தவர் மேசைக்கு அந்தப் பக்கம் உட்கார்ந்திருக்கிறாரே.

என் தந்தை ஒரே மாதத்தில் மூன்று முறை சென்றார். மூன்றாம் முறை, சிறுநீர் வருவது தெரியவில்லை, உட்காரும் இடம் மரத்திருக்கிறது என்று நானே சொன்னேன். அன்றிரவு வேறொரு மருத்துவமனைக்கு ஓடி, முதுகெலும்பின் அடியில் உள்ள நரம்புக்கற்றை நசுங்கியிருப்பதாகக் கண்டு, விடிவதற்குள் அறுவை செய்தார்கள். பிறகு பழைய பதிவுகளை வாங்கிப் பார்த்தேன். மூன்று தேதிகளுக்கும் அதே வாக்கியம், அதே எழுத்துப் பிழையுடன் நகலெடுக்கப்பட்டிருந்தது: சிறுநீர், மலக் கட்டுப்பாடு இயல்பு. சொன்னதை எழுதாமல் விடுவது ஒன்று. சொன்னதற்கு நேர்மாறானது பதிவில் நிற்பது வேறு. அப்பா இப்போதும் வலக்காலை இழுத்துத்தான் நடக்கிறார்.

பீனிக்ஸ் ஐயா 'சரிதான்' என்றது எனக்கு வலித்தது. சாட்ஸ்வொர்த் அக்கா, நீங்கள் காதால் கேட்டதைக் குறியீடாகப் போட முடியாது, ஒப்புக்கொள்கிறேன். மருத்துவரின் கதவைத் தட்டி, "அவர் கால் மரப்பதாகச் சொன்னார், பார்த்தீர்களா?" என்று கேட்க எந்த விதி தடுத்தது?

கணக்குப் பிரிவு, சாட்ஸ்வொர்த்:

எந்த விதியும் தடுக்கவில்லை, தங்கச்சி. வெளியே பதினான்கு பேர் காத்திருந்தார்கள், கேட்கவில்லை. மறுப்புக் கடிதம் வந்த பிறகுதான் கேட்டேன். மருத்துவர் மறுபடி பரிசோதித்து, அன்றைய தேதியிட்டுக் கூடுதல் குறிப்பு எழுதினார், குறியீடு எம்54.46 ஆனது, ஸ்கேனுக்கு அனுமதியும் வந்தது. ஆலையில் நடந்ததா என்று பீனிக்ஸ் ஐயா கேட்டதை இங்கே யாருமே அந்த அம்மாவிடம் கேட்கவில்லை. நாளைக் காலையில் அவருக்குப் போன் செய்யப் போகிறேன்.