பன்ட்டி ஒன்று பாதியில் விழுகிறது, இல்லையென்றால் சில்லோடு பிய்த்துக்கொண்டு வருகிறது

நெருப்புக்கோழி:
புரொப்பேன்-ஆக்சிஜன் டார்ச்சில் போரோசிலிக்கேட் கண்ணாடியில் கோலியும் பதக்கமும் செய்கிறேன். ஒரு பக்கம் முடிந்ததும் மறுபக்கத்தைச் சரிசெய்ய, முடித்த பக்கத்தில் தற்காலிகக் கைப்பிடியாக, அதாவது பன்ட்டியாக, 8 மி.மீ. கண்ணாடிக் குச்சி ஒன்றை ஒட்டுகிறேன். அது சுற்றும்போதே கழன்று விழுகிறது, இல்லாவிட்டால் கடைசியில் தட்டி எடுக்கும்போது கோலியில் பள்ளம் விழுகிறது. நடுவில் ஒரு வழி இருக்குமே?

குழாய்க்காரர்:
இருக்கிறது தம்பி, இரண்டையும் ஒரே சூட்டில் ஒட்டாதே, அவ்வளவுதான். குச்சியின் நுனி மட்டும் நன்றாக இளகட்டும். கோலி சூடாக இருக்க வேண்டும், ஆனால் சிவந்து ஒளிரக் கூடாது. நுனியைத் தீயிலிருந்து வெளியே எடுத்து ஒரு நொடி விட்டு, நேராக வைத்து லேசாக அழுத்து, ஆட்டாதே. இரண்டு பக்கமும் ஒளிர்ந்தால் அது ஒட்டு இல்லை, நிரந்தர வெல்டிங்! சின்ன வேலைக்கு 8 மி.மீ. அதிகம், நுனியை இழுத்து மெல்லியதாக்கி ஒட்டு. அப்புறம் வேலை நடுவில் ஒட்டுமிடத்தை அவ்வப்போது தீயோரத்தில் காட்டு, முழுக்க ஆறிவிட்டால்தான் பட்டென்று விடும். அதற்காகச் சிவக்கவும் விடாதே. கழற்றும்போது கோலியை இடுக்கியில் பிடித்துக்கொண்டு, ஒட்டு மட்டும் ஆறியதும் குச்சியில் ஒரு தட்டு. மிச்சமாகும் தழும்பைத் தீயில் காட்டினால் மழுங்கிவிடும்.

ஆய்வகத்தான்:
இதோடு ஒன்று. கிடைக்கிற குச்சியை எல்லாம் ஒட்டாதீர்கள். போரோ சூட்டில் விரிவது 33 என்றால் மணி செய்கிற மென்கண்ணாடி 104, அந்தத் துணுக்கு கொஞ்சம் தங்கினாலும் ஆறும்போது விரிசல் விட்டுவிடும். வண்ணக் குச்சியும் வேண்டாம், நிறமற்றதே நல்லது. உள்ளே காற்று அடைபட்ட பொருள் என்றால் குச்சிக்குப் பதில் மெல்லிய குழாயைத் துளை விட்டு ஒட்டுங்கள், சூட்டில் காற்று விரிந்து பக்கவாட்டில் புடைப்பது குறையும், ஊதவும் வசதி. ஆய்வகக் குழாய் வேலையில் நாங்கள் பெரும்பாலும் கைப்பிடி ஒட்டுவதே இல்லை, குழாயின் இரு முனையையும் இழுத்துக் கூராக்கி அதையே பிடித்துக்கொள்வோம்.

குலுக்கல்மணி:
குழாய்க்காரர் அண்ணா சொன்னது சின்னதுக்குச் சரி. கனமான கோலிக்கு அந்தப் பாதி ஒட்டு போதாது, விழுந்தால் போனதுதான். நான் நன்றாக இளக்கி ஒட்டிவிட்டு, முடிவில் கழுத்தைச் சூடாக்கி இழுத்து அறுப்பேன், மிச்சத்தை இன்னொரு குச்சியால் தொட்டுத் தொட்டு எடுத்துவிடலாம். தழும்பு பெரிதாகும், ஆனால் நிம்மதி. இல்லையென்றால் குச்சி நுனியில் 3 சின்ன முள் வைத்து மூன்று புள்ளியில் ஒட்டு. எப்படியிருந்தாலும் உடனே சூளையில் வை, போரோவுக்கு 565 டிகிரி செல்சியஸ் சுற்றி. மஞ்சள் ஒளி கண்ணை மறைத்தால் ஒட்டு எங்கே சிவக்கிறதென்றே தெரியாது, அந்த ஒளியை வடிகட்டும் டைடிமியம் மூக்குக்கண்ணாடி போட்டுக்கொள்.

நெருப்புக்கோழி:
நுனியை மெல்லியதாக்கி ஒட்டினேன், சில்லு வரவில்லை! இந்த மூன்று முள் எப்படி அமைப்பது, தனித்தனியாக ஒட்டுவதா, கத்தியால் பிளப்பதா?

குலுக்கல்மணி:
இளகிய நுனியைக் கொஞ்சம் தட்டையாக்கி, மெல்லிய குச்சியால் மூன்று துளி வை. ஒரே உயரத்தில் வர வேண்டும், இல்லாவிட்டால் கோலி சாய்ந்தே சுற்றும்.