கணினியில் அப்படித்தான் இருக்கிறது

சில ஆண்டுகளுக்கு முன், நான் எப்போதோ அடைத்து முடித்திருந்த கடனில் இன்னும் பாக்கி இருப்பதாக ஒரு நிதி நிறுவனத்திடமிருந்து கடிதம் வந்தது. இரண்டு தவணைகளுக்கானவை தவிர மற்ற ரசீதுகள் எல்லாம் கைவசம் இருந்தமையால், நேரில் சென்று காட்டினால் அரைமணி நேரத்தில் தீர்ந்துவிடும் என்றே நம்பினேன். தீர 14 மாதங்கள் ஆயின. ஒவ்வொரு முறையும் வேறோர் அலுவலர் இருந்தார். எல்லோரும் மரியாதையாகவே பேசினார்கள். எல்லோரும் திரையைப் பார்த்துவிட்டு, “கணினியில் அப்படித்தான் இருக்கிறது” என்றார்கள். எந்த மாதத் தவணை விடுபட்டது என்று நான் எழுதிக் கேட்டதற்கு மட்டும் கடைசிவரை பதில் இல்லை. நான் கட்டவில்லை என்பதை அவர்கள் காட்ட வேண்டியதில்லை, கட்டினேன் என்பதை நான்தான் காட்ட வேண்டும் என்ற ஏற்பாட்டை, யாரும் வாய்விட்டுச் சொல்லாமலேயே, நான் உட்பட அனைவரும் ஒப்புக்கொண்டிருந்தோம். இறுதியில், கணக்கு சரிசெய்யப்பட்டதாக இரண்டு வரிக் கடிதம் வந்தது. அதில் வருத்தம் என்ற சொல் இல்லை.

என்னுடையது சிறு தொல்லைதான். பிரிட்டனில் அஞ்சலகக் கிளைகளை நடத்தியவர்களுக்கு நேர்ந்ததைப் பிறகு படித்தபோது, அதே வாக்கியம் எவ்வளவு தூரம் போகக்கூடும் என்பது புரிந்தது. ஹொரைசன் என்னும் கணக்கு மென்பொருள் காட்டிய பற்றாக்குறையை நம்பி, 1999 முதல் 2015 வரை 900க்கும் மேற்பட்டோர் திருட்டு, பொய்க்கணக்கு போன்ற குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டனர். சிலர் சிறைக்கும் சென்றனர். பெரும்பாலான வழக்குகளைத் தொடுத்தது அரசுத் தரப்பு அன்று, அஞ்சலக நிறுவனமே. பணம் குறைகிறது என்று சொன்னதும், விசாரித்ததும், வழக்காடியதும் ஒரே நிறுவனம் என்பதுதான் எனக்கு மென்பொருள் பிழையைவிட அச்சமூட்டுகிறது. அந்தப் பிழைகளை உயர் நீதிமன்றம் 2019இல் உறுதிசெய்தது. தண்டனைகளை மொத்தமாக ரத்துசெய்யும் சட்டம் வர 2024 ஆயிற்று.

மறுமொழி

நான் கவுண்டருக்கு மறுபுறம் அமர்ந்திருந்தவன். ஒரு பெரிய சேவை நிறுவனத்தின் புகார்ப் பிரிவில் 9 ஆண்டுகள் இருந்தேன். நண்பர் குறிப்பிட்ட அந்த வாக்கியத்தை நானே எத்தனையோ முறை சொல்லியிருக்கிறேன். பொய் என்று தெரிந்து சொன்னதில்லை. திரையில் தெரியும் தொகை எப்படி வந்தது என்று உள்ளே புகுந்து பார்க்கும் அனுமதி எங்களுக்கும் இல்லை. ஒரே கட்டணம் இருமுறை பதிவாகியிருப்பதாக ஒரு முதியவர் மூன்று முறை வந்தார். மேலிடத்துக்கு எழுதினேன், தனிப் புகாருக்காகப் பதிவை மாற்ற இயலாது என்றார்கள். சில மாதங்கள் கழித்து அதே தவறு செல்வாக்குள்ள ஒரு வாடிக்கையாளருக்கு நேர்ந்தபோது, அன்று மாலைக்குள் எல்லாக் கணக்குகளிலும் திருத்தம் நடந்தது. முதியவரின் கணக்கும் அதில் சரியாகியிருந்தது. அவருக்குத் தெரிவிக்குமாறு யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானாக ஒரு கடிதம் எழுதியிருக்கலாம், எழுதவில்லை.