மேக்கப் போட்டால் முகம் சாம்பல் பூத்துப் போகிறது, எங்கே தப்பு?

மாநிறக்காரி (கேட்டவர்):
சென்னையில் வேலை. மாநிறம். மூக்கும் நெற்றியும் பதினோரு மணிக்கெல்லாம் எண்ணெய் வழியும். ஆபீஸுக்கு லேசாகத்தான் மேக்கப் போடுகிறேன். வீட்டு டியூப்லைட்டில் பார்த்தால் பிரமாதம். பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து செல்ஃபி கேமராவைத் திறந்தால் முகம் மட்டும் சாம்பல் நிறம், கழுத்து என் நிறம். மூக்கோரத்தில் ரப்பரால் அழித்த துகள் மாதிரி உருண்டு வேறு வருகிறது. "கோலமாவு டப்பாவில் தலையை விட்டாயா?" என்கிறார் அம்மா. ஃபவுண்டேஷனை ஒரு ஷேட் அடர்த்தியாக மாற்றிப் பார்த்தேன், பவுடரைக் கூட்டினேன். இன்னும் மோசம்.

வேப்பமரத்தடி:
இன்னும் ஒரு ஷேட் அடர்த்தியாக வாங்குங்கள், சரியாகிவிடும்.

கண்மை:
அவசரப்பட்டு வாங்காதீர்கள். முகத்தில் எதற்கு மேல் எது போடுகிறீர்கள் என்று வரிசையாகச் சொல்லுங்கள். சன்ஸ்கிரீன் டியூபின் பின்பக்கத்தையும் படியுங்கள். ஃபவுண்டேஷன் பாட்டிலில் கூல் என்று இருக்கிறதா, வார்ம் என்றா?

மாநிறக்காரி:
மாய்ஸ்சரைசர், சன்ஸ்கிரீன், ஃபவுண்டேஷன், பவுடர். எல்லாம் ஐந்தே நிமிடம், பஸ் போய்விடுமே! சன்ஸ்கிரீனில் ஜிங்க் ஆக்ஸைடு, டைட்டானியம் டையாக்ஸைடு என்று போட்டிருக்கிறது. பாட்டிலில் கூல். கடையில் புறங்கையில் தடவிக் காட்டி, "இதுதான் உங்களுக்குப் பளிச்சென்று இருக்கும்" என்று கொடுத்தார்கள்.

கண்மை:
அந்தப் "பளிச்"தான் பாதி வினை. கூல் என்றால் ரோஸ் சாயல், வார்ம் என்றால் மஞ்சள் சாயல். நம்மில் நிறையப் பேருக்குத் தோலின் அடியில் மஞ்சள் சாயல்; அதன்மேல் ரோஸ் உட்கார்ந்தால் சாம்பலாகத்தான் தெரியும். எத்தனை ஷேட் அடர்த்தியாக்கினாலும் சாயல் மாறாது. புறங்கை நிறமும் முக நிறமும் வேறு. தாடையோரம் ஒரு கோடு இழுத்து, கடைக்கு வெளியே வந்து வெயில் வெளிச்சத்தில் பாருங்கள். பத்து நிமிடம் கழித்து மறுபடி பாருங்கள், காய்ந்ததும் சில ஃபவுண்டேஷன்களின் நிறம் அடர்ந்துவிடும்.

மீதிப் பாதி சன்ஸ்கிரீனாக இருக்கலாம். அந்த இரண்டும் வெள்ளைப் பொடிகள்தானே? லீவு நாளில் ஒரு கன்னத்தில் வெறும் சன்ஸ்கிரீன், மறு கன்னத்தில் வெறும் ஃபவுண்டேஷன் போட்டு வாசலில் நின்று பாருங்கள். எது குற்றவாளி என்று தெரிந்துவிடும்.

தாழம்பூ:
உருள்வதற்குக் காரணம் அந்த ஐந்து நிமிடம்தான். அடியில் போட்டது காய்வதற்குள் மேலே தேய்த்தால் எல்லாம் திரண்டு வரும். சன்ஸ்கிரீன் போட்டுவிட்டு டிபன் பாக்ஸ் கட்டுங்கள், தலை வாருங்கள், அப்புறம் ஃபவுண்டேஷனைத் தொடுங்கள். ஸ்பாஞ்சை நனைத்து நன்றாகப் பிழிந்து ஒற்றுங்கள், தேய்க்காதீர்கள். பவுடர் மூக்குக்கும் நடு நெற்றிக்கும் போதும். எண்ணெய் வழிந்தால் முதலில் டிஷ்யூவால் ஒற்றி எடுங்கள். எண்ணெய்மேல் பவுடர் போட்டால் திட்டுத் திட்டாகும்.

மாநிறக்காரி (ஞாயிறு மாலை):
செய்து பார்த்தேன். இரண்டு கன்னமுமே சாம்பல்! சன்ஸ்கிரீன் பக்கம்தான் அதிகம். அம்மா வாசலில் நின்று தீர்ப்பு சொன்னார்.

கண்மை:
அப்படியானால் நிறம் கலந்த சன்ஸ்கிரீனுக்கு மாறுங்கள். அதில் இரும்பு ஆக்ஸைடு சேர்த்திருப்பார்கள், அது வெள்ளையை மறைக்கும். வெளுக்கிறதே என்று அளவைக் குறைக்காதீர்கள், முகம் கழுத்துக்கு இரண்டு விரல் நீளத்துக்குப் பிதுக்கிய அளவு வேண்டும். தினசரிக்கு ஃபவுண்டேஷனே தேவையில்லை என்பது என் கட்சி. கண்ணடிக் கருமைக்குப் பீச் நிறக் கரெக்டரை (கருமையைச் சமன்செய்யும் க்ரீம்) துளி ஒற்றி, மேலே வார்ம் கன்சீலர் (திட்டை மறைக்கும் க்ரீம்). அவ்வளவுதான்.

மாநிறக்காரி (பத்து நாள் கழித்து):
சாம்பல் போயிற்று. உருள்வதும் நின்றுவிட்டது. "இன்றைக்கு மேக்கப் போடவில்லையா?" என்று பக்கத்து சீட் அக்கா கேட்டார், எனக்கு ஒரே சந்தோஷம்! ஒரே ஒரு தொல்லை, ஸ்டிக்கர் பொட்டு மத்தியானத்துக்குள் விழுந்துவிடுகிறது.

தாழம்பூ:
அந்த இடத்தில் மட்டும் க்ரீமையும் பவுடரையும் ஈரத் துணியால் துடைத்து, காயவிட்டு ஒட்டுங்கள்.