மழைக்கு முன் ஓட்டுக்கூரையைச் சீரமைக்க உதவி தேவை

அன்பிய உறவுகளுக்கு வணக்கம். தூத்துக்குடியில் 28 குடும்பங்கள் கொண்ட எங்கள் அன்பியம் (ஒரே கத்தோலிக்க ஆலயப் பங்கைச் சேர்ந்த அக்கம்பக்கத்துக் குடும்பங்களின் குழு), மாதக் கூட்டத்தில் செபமாலையும் வசனப் பகிர்வும் முடித்துத் தேநீரோடு கலைந்துவிடுவதே இதுவரை வழக்கம். இம்முறை, எங்கள் தெருக்கோடியில் தனியாக வசிக்கும் எழுபது வயது கடந்த அம்மா ஒருவரின் வீட்டுக் கூரையைச் சீரமைத்துத் தர முடிவு செய்திருக்கிறோம். அவர் நம் ஆலயப் பங்கைச் சேர்ந்தவர் அல்லர். அது ஒரு பொருட்டும் அல்ல.

2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 செ.மீ. மழை கொட்டி மாவட்டம் வெள்ளத்தில் தத்தளித்தபோது உத்தரம் ஊறிப் பலவீனமான அந்த ஓட்டுவீட்டில், தார்ப்பாயை மாற்றி மாற்றிப் போட்டே அவர் காலம் தள்ளுகிறார். அக்டோபரில் வடகிழக்குப் பருவமழை தொடங்குவதற்குள் வேலை முடிய வேண்டும்.

பணம் ஓரளவு சேர்ந்துவிட்டது, தேவைப்படுவது அனுபவம். ஓடுகளை இறக்கவும் சுமக்கவும் இளைஞர்கள் ஆயத்தமாக இருந்தாலும், உளுத்த உத்தரத்தின் மீது பழக்கமில்லாதவர்களை ஏற்றுவது ஆபத்து என்பதால், பழைய சட்டங்களில் எவை தாங்கும், எவை தாங்கா என்று நேரில் பார்த்துச் சொல்லக்கூடிய தச்சர் ஒருவரும், ஒரு நாள் வந்து மின்கம்பிகளைச் சரிபார்க்கும் எலக்ட்ரீசியன் ஒருவரும் வேண்டும். மீண்டும் ஓடே வேய்வதா, தகர ஷீட் போடுவதா என்பதில் எங்களுக்குள் கருத்து வேறுபாடு உண்டு. கடற்காற்றில் தகரம் சீக்கிரம் துருப்பிடிக்கும் என்பது என் எண்ணம். இத்தகைய பணியை முன்பு செய்த அன்பியங்கள், வேலை நடந்த நாட்களில் வீட்டுக்காரரை எங்கே தங்கவைத்தீர்கள் என்பதையும் தெரிவிக்க வேண்டுகிறேன். அந்த அம்மா பிறரிடம் கை நீட்டக் கூசுபவர் என்பதால், வருபவர்கள் தயவுசெய்து படம் எடுத்துப் பகிர வேண்டாம்.